தார்மீக ஆதரவு

என் வயசுக்காரர்களே, கைப்பேசியை எட்டத்தில் பிடித்து, புருவத்தைச் சுருக்கி இதைப் படிக்கிறவர்களே, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். யாராவது 'நான் இருக்கிறேன், கவலைப்படாதே' என்று சொன்னால் உங்களுக்கு முதலில் என்ன தோன்றும்? நிம்மதியா? எனக்குத் தார் வாசனை வரும். தொண்டையைக் கரகரக்க வைக்கிற சூடான தார். சொன்னவரின் முகத்தை நான் பார்ப்பதில்லை. அவருடைய வண்டி எந்தப் பக்கம் திருப்பி நிறுத்தப்பட்டிருக்கிறது என்று பார்ப்பேன்.

போன வாரம் ஒரு சாயங்காலம் கொரட்டூரிலிருந்து தங்கை கூப்பிட்டாள்.

"அக்கா, டிவியைப் போடு. அவரே நேர்ல வந்துட்டாரு."

எங்கோ தொலைவில் நடக்கிற போர். அடிவாங்கிக்கொண்டிருக்கிற ஒரு நாட்டுக்கு, அதன் பக்கம் நிற்கிற பெரிய நாட்டின் தலைவர் வந்து இறங்கியிருந்தார். விமானப் படிக்கட்டு, சிவப்புக் கம்பளம், கட்டிப்பிடிப்பு. கட்டிப்பிடித்த கை முதுகில் தட்டியது, ஒரு தட்டு, இரண்டு தட்டு, கேமராவுக்காக இன்னொரு தட்டு. கீழே எழுத்துகள் ஓடின: கடைசிவரை உடன் நிற்போம்.

"இனிமே பாரேன், போரோட போக்கே மாறிடும்" என்றாள் தங்கை. அவள் குரலில் அப்படி ஒரு வெளிச்சம். ஐம்பதை நெருங்குகிறாள். அம்பத்தூர் எஸ்டேட்டில் கண்ணாடிக் கட்டடம் ஒன்றில், கம்ப்யூட்டர்க்காரர்களை மேய்க்கிற வேலை. அவளுக்கு இன்னும் எல்லோர் மேலும் நம்பிக்கை உண்டு.

ஆவடியில் என் வீட்டுக் கட்டிலில் சாய்ந்தபடி அம்மா டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காது மந்தம், கண் கூர்மை.

"ஏண்டி, அந்த விமானத்தோட இன்ஜினை அணைச்சாச்சா, இல்ல ஓடிக்கிட்டே இருக்கா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கூடவே அந்த மழைக்காலமும் வந்துவிட்டது.

அப்போது நாங்கள் கொரட்டூர் ஏரிப் பக்கம் ஒரு லைன் வீட்டில் இருந்தோம். ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக வீடுகள், கடைசியில் குழாய். காற்று அடித்தால் ஏரியின் பாசி வாசனை, நின்றால் எல்லா வீட்டுப் பம்ப் ஸ்டவ்வின் மண்ணெண்ணெய் வாசனை. மின்சார ரயில் போகும்போது அலமாரித் தட்டில் டம்ளர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும்.

அப்பா அதே அம்பத்தூர் தொழிற்பேட்டையில், நாங்கள் எஸ்டேட் என்போம், ஒரு சின்ன ஃபேக்டரியில் லேத் ஓட்டினார். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். சாயங்காலம் அவர் சட்டைப் பையில் இரும்புச் சுருள் இருக்கும். லேத்தில் இரும்பைச் சீவும்போது உதிர்கிற சுருள். சூட்டில் சிலது நீலமாகும், சிலது பொன்னிறமாகும், அபூர்வமாய் ஒன்று மயில் கழுத்தாகும். நானும் தங்கையும் அவற்றை ஒரு பிஸ்கட் டப்பாவில் சேர்த்து வைத்திருந்தோம். கையைக் கிழிக்கும் நகைகள். அந்த டப்பா எப்போது, எந்த வீடு மாறும்போது தொலைந்தது என்று இருவருக்கும் தெரியாது. ஆளுக்கொரு சந்தேகம் இருக்கிறது, அவ்வளவுதான்.

அதே ஃபேக்டரியில் தகடு அழுத்தும் பிரஸ் மெஷினை ஓட்டியவரை நாங்கள் பிரஸ் மாமா என்போம். பக்கத்துப் பாடி ஊர்க்காரர். அப்பாவை அண்ணாத்தே என்பார். அவர் வாயில் 'ழ' நிற்காது. வாயப்பயம், மயை, கோயி. அப்பா அந்த எழுத்தை நாக்கை மடித்து, தேனில் முக்கி எடுப்பதுபோல் சொல்கிறவர். இரண்டு பேருக்கும் இதுதான் விளையாட்டு.

"எங்க, தொழிலாளி சொல்லுடா பார்ப்போம்."

"தொயிலாளி."

"அந்த ழ எங்க போச்சு?"

"எங்க ஊட்டாண்ட அது வர்றதில்ல அண்ணாத்தே. உங்க ஊர்லயே எறங்கிக்கினு பூட்சி."

ஒரு நாள் பிரஸ் அவருடைய வலக்கையில் இறங்கியது. இரண்டு விரல் போயிற்று. கட்டுப் பிரித்து வேலைக்கு வந்தவரை, கவனக்குறைவு என்று சொல்லி முதலாளி வெளியே அனுப்பினார். அவரைத் திரும்ப எடுக்கும்வரை உள்ளே வர மாட்டோம் என்று மற்றவர்கள் வாசலில் உட்கார்ந்தார்கள். அப்பாவும் உட்கார்ந்தார். எங்கள் வீட்டில் அந்தப் பருவம் அப்படித்தான் தொடங்கியது: பகலில் அப்பா வெளியே, இரும்பு வாசனை இல்லாமல் திரும்பும் சட்டை, பையில் சுருள் கிடையாது.

"போராட்டம்னா என்னக்கா?" என்று தங்கை கேட்டாள். அவள் அப்போதுதான் எழுத்துக் கூட்டத் தொடங்கியிருந்தாள். நான் பெரிய மனுஷியாகப் பிரித்துக் காட்டினேன்: போர், ஆட்டம். போர் மாதிரி ஒரு ஆட்டம். அவளுக்கு அது போதுமானதாக இருந்தது. முதலாளி ராஜா, அப்பா எதிர் ராஜா, வாசலில் போட்ட தகரக் கொட்டகை கோட்டை. பள்ளிக்கூடம் விட்டதும் தூக்குச் சட்டியில் அப்பாவுக்குக் கஞ்சி எடுத்துக்கொண்டு நாங்கள் கோட்டைக்குப் போவோம்.

கோட்டை ஒழுகியது. அந்த வருஷம் ஐப்பசி பிறந்ததிலிருந்து மழை விடவில்லை. கொட்டகையின் தகரம் யாரோ எங்கோ கழற்றிப் போட்டது; பழைய ஆணி ஓட்டை ஒவ்வொன்றிலும் ஒரு குழாய். ஆண்கள் தலையில் கோணிப்பை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நனைந்த கோணியும் பீடியும் கலந்த வாசனை. தீபாவளிக்கு எங்கள் லைனில் பட்டாசுக் காகிதம் சிவப்புச் சேறாய் ஓடியது. எங்கள் வாசலில் வெறும் சேறு.

தீபாவளி முடிந்ததும் முதலாளி சூப்பர்வைசரிடம் சொல்லி அனுப்பினார். எல்லோரும் உள்ளே வரலாம், பழசை மறந்துவிடலாம். விரல் போனவருக்கு மட்டும் ஏதாவது கையில் கொடுத்து அனுப்பிவிடுவோம். அன்றைக்கு ராத்திரி வீட்டில் கஞ்சி குடித்தபடி அப்பா அம்மாவிடம் சொன்னதை நான் கேட்டேன்.

"ஆளாளுக்கு அலுத்துப் போச்சு. சரின்னுடலாம்னு பேசுறாங்க. அவனே சொல்றான், எனக்காக நீங்க நாசமாப் போவாதீங்கன்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லல."

அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "சரின்னுடுங்க. பிள்ளைங்க முகத்தைப் பாருங்க." எங்கள் முகத்தில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. ஆனால் அப்பாவின் லேத் திரும்பக் கிடைக்கப்போகிறது என்று அம்மா அன்று நிம்மதியாக மூச்சு விட்டதும், ஸ்டவ்வைக் கொஞ்சம் மெதுவாகப் பம்ப் செய்ததும் நினைவிருக்கிறது.

மறுநாள்தான் தலைவர் வந்தார்.

எஸ்டேட்டில் ஒரு பெரிய கம்பெனி இருந்தது. அதன் சங்கு ஊதினால் எங்கள் லைன் வீட்டில் சோறு வடிப்பார்கள். அந்தக் கம்பெனியின் சங்கத்துக்குத் தலைவர் அவர். பத்துப் பேர் உட்கார்ந்திருக்கிற ஒழுகும் கொட்டகைக்கு அவர் ஏன் வர வேண்டும்? இந்தக் கேள்வியை அன்று யாரும் கேட்கவில்லை. அம்மாவைத் தவிர. அவளும் எங்களோடு வந்திருந்தாள். முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு சாலை ஓரமாக நின்றாள்.

ஜீப் வந்தது. நேராக வந்தது, பின்பு சேற்றில் முன்னும் பின்னும் போய் முகத்தைச் சாலைப் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றது. தலைவர் இறங்கினார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. வேட்டியை ஒரு கையால் தூக்கிப் பிடித்திருந்தார். சேறு அவரைத் தொடவேயில்லை. எங்கள் அப்பாக்களைத் தொட்ட சேறு அவருக்கு மட்டும் எப்படி வழிவிட்டது என்று நான் அதிசயப்பட்டேன். டிரைவர் இன்ஜினை அணைக்கவில்லை. அம்மா அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தோழர்களே! நீங்கள் தனியாக இல்லை. உங்கள் போராட்டத்துக்கு எங்கள் சங்கம் தனது முழுமையான தார்மீக ஆதரவைத் தெரிவித்துக்கொள்கிறது!"

கைதட்டினார்கள். கோணிப்பைகளுக்குக் கீழே முதுகுகள் நிமிர்ந்தன. அதை நான் பார்த்தேன், பொய் சொல்லக் கூடாது. ஒவ்வொரு முதுகும் நிமிர்ந்தது. பிரஸ் மாமா விரலில்லாத கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தலைவர் இன்னும் பேசினார், ஒரு முறைக்குப் பல முறையாக அந்தச் சொல்லைச் சொன்னார். தார்மீக ஆதரவு. தார்மீக ஆதரவு.

தங்கை என் பாவாடையை இழுத்தாள். "தார்னா ரோட்டுக்கு ஊத்துறதுதானே?"

"ஆமா."

"மீக?"

எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொல்கிற வழக்கமும் எனக்கு இல்லை. "டிரம்மு. டிரம்முல வரும்ல, அது."

தலைவர் பேச்சை முடித்து, வேட்டியைத் தூக்கிக்கொண்டு, ஒவ்வொரு கையாகப் பிடித்துக் குலுக்கிக்கொண்டு வந்தார். தங்கை வரிசையில் புகுந்து அவர் முன்னால் போய் நின்றாள். கூரையைக் காட்டினாள்.

"தார் எங்கே?"

"என்னம்மா?"

"தார்மீக ஆதரவு தரேன்னீங்களே. தார் எங்கே? இங்கெல்லாம் ஒழுகுது."

பிரஸ் மாமாதான் முதலில் வெடித்தார். "ஐயோ பாப்பா, இன்னாமா கேட்டுட்ச்சி! தலீவரே, குட்த்துட்டுத்தான் போவணும் நீங்கோ!" எல்லோரும் சிரித்தார்கள். அத்தனை நாளில் அந்தக் கோட்டையில் கேட்ட முதல் சிரிப்பு. தலைவரும் சிரித்தார், ஆனால் கொஞ்சம் தாமதமாக. தங்கையின் கன்னத்தைத் தட்டினார்.

"அனுப்பிட்டாப் போச்சு."

ஜீப் கிளம்பியது. திரும்ப வேண்டிய அவசியமே இல்லை, ஏற்கெனவே திரும்பித்தானே நின்றது. வீட்டுக்கு நடக்கும்போது அம்மா அப்பாவிடம் சொன்னாள்: "வரும்போதே போறதுக்கு வண்டியைத் திருப்பிக்கிட்டு நிக்கிறவரை நம்பி முதலாளிகிட்ட மாட்டேன்னு சொல்லப்போறீங்களா?"

"அவர் சொன்னா எஸ்டேட்டே நின்னுடும்டி."

"நிக்குமா? நிக்கும்னு சொன்னாரா?"

"ஆதரவுன்னாரே."

"என்ன ஆதரவு?"

அப்பா திரும்பிக் கொட்டகைக்கே நடந்தார். முதலாளிக்கு அன்றே பதில் போயிற்று, மாட்டோம் என்று.

ஆனால், என் வயசுக்காரர்களே, தார் வந்தது. அதுதான் இன்றுவரை எனக்கு விளங்காதது. எஸ்டேட் நிற்கவில்லை, பெரிய கம்பெனியின் சங்கு நேரம் தவறாமல் ஊதியது, உள்ளே போகிறவர்கள் கொட்டகையைப் பார்த்துக் கையை உயர்த்திவிட்டு உள்ளே போனார்கள். ஆளும் வரவில்லை, அரிசியும் வரவில்லை. தார் மட்டும் வந்தது. மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் ஒரு டிரம், யாரோ பாதி செலவழித்து மிச்சம் வைத்தது. வண்டிக்காரர் இறக்கிவிட்டு, "தலைவர் அனுப்புனாரு, பாப்பாகிட்ட சொல்லச் சொன்னாரு" என்றார். தங்கைக்குத் தலை கால் புரியவில்லை. வகுப்பில் எல்லோரிடமும் சொன்னாள்: எங்களுக்குத் தார்மீக ஆதரவு வந்துவிட்டது, டிரம்மில் வந்தது, நானே பார்த்தேன்.

மழை விட்ட ஒரு நாளில் விறகு மூட்டித் தாரைக் காய்ச்சினார்கள். கறுப்புக் குமிழ்கள் சோம்பேறித்தனமாய் உடைந்தன. கோணி சுற்றிய குச்சியால் ஓட்டைகளை அடைத்தார்கள். கோட்டை ஒழுகுவது நின்றது. தாரும் தீரவில்லை.

"இவ்ளோ மிச்சம் கீதே அண்ணாத்தே" என்றார் பிரஸ் மாமா. எதிரே ஃபேக்டரியின் மதில். மழைக்கு முன்னால்தான் வெள்ளை அடித்திருந்தார்கள். சாலையில் போகிற எல்லா பஸ்ஸுக்கும் தெரிகிற சுவர். அப்பா அதைப் பார்த்தார். லேத்துக்குள் இரும்பைப் பொருத்துமுன் பார்க்கிற பார்வை. அப்புறம் லுங்கியை மடித்துக் கட்டினார்.

தொழிலாளர் ஒற்றுமை ஓங்குக.

ஆள் உயர எழுத்துகள். அப்பா எழுதினார், மற்றவர்கள் மேலும் கீழும் கோடு போட்டார்கள். 'ழி'யில் குச்சியை மூன்று தடவை முக்கி எடுத்தார். அந்தக் கால் கீழே போய் வளைந்து, ஒரு இரும்புச் சுருள் மாதிரியே சுருண்டு நின்றது. "இந்தாடா உன் ழ. இப்பவாவது பார்த்துக்கோ" என்றார். பிரஸ் மாமா இரண்டு அடி தள்ளிப் போய் நின்று பார்த்தார். "சோக்கா கீது. கொஞ்சம் முதலாளி மூஞ்சி மாதிரி கீது." அப்பா அப்படிச் சிரித்து நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை. தார் பட்ட அந்தக் கையை அம்மா மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள், நகக் கண்ணில் இருந்தது போகவில்லை.

கார்த்திகை நடுவில் எல்லாம் முடிந்தது. தலைவர் திரும்ப வந்தார், பேச்சுவார்த்தைக்கு. இந்தத் தடவை ஜீப் ஃபேக்டரிக்கு உள்ளேயே போனது. முதலாளி அறையில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். கொட்டகையில் இருந்தவர்கள் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாயங்காலம் அப்பா வீட்டுக்கு வந்து, செருப்பை வழக்கத்தைவிட நேராக விட்டார்.

"ஜெயிச்சாச்சு. அவனை எடுத்துக்கிட்டாங்க. எல்லாரும் நாளைக்கு உள்ள போறாங்க."

அம்மா சாமி படத்தைப் பார்த்துக் கும்பிடக் கை தூக்கினாள். பாதியில் நிறுத்தினாள்.

"போறாங்கன்னா? நீங்க?"

"சுவரை நாசம் பண்ணினதுக்கு ஒருத்தர் வெளிய போகணும்னாங்க. எழுதினது நான்தானே."

அவ்வளவுதான் சொன்னார். அதற்கு மேல் அதைப் பற்றி அவர் வாயிலிருந்து ஒரு சொல் வந்ததில்லை. சுவரை எழுதினவர் என்று எஸ்டேட்டில் அவருக்குப் பெயராகிவிட்டது. எந்த வாசலிலும் வேலை இல்லை என்றார்கள். கடைசியில் நசரத்பேட்டையில் ஒரு ஷெட்டில் பழைய லேத் கிடைத்தது. இரண்டு பஸ் மாறிப் போவார். அந்த லேத்தில் சீவியது வார்ப்பிரும்பு; சுருளாக வராது, தூளாக உதிரும். பிஸ்கட் டப்பாவில் அதற்குப் பிறகு எதுவும் சேரவில்லை.

எங்கள் வீட்டில் அதற்கப்புறம் ஒரு சொல் வசவாகிப் போயிற்று. யாராவது உதவுகிறேன் என்றால் அம்மா உதட்டைச் சுழிப்பாள்: "தார் அனுப்புவான்." மாமன் ஒருவர் எனக்கு வரன் பார்க்கிறேன் என்றபோது: "தார் அனுப்புவான்." வீட்டு மனை வாங்கித் தருகிறேன் என்று வந்த புரோக்கருக்கு முகத்துக்கு நேரே. ஒருமுறை அப்பா சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே சொன்னாள்: "அவன் கம்பெனில அவனுக்கு வேண்டியது கிடைக்கிறவரைக்கும் உங்களை வாசல்ல உட்காரவெச்சு அவன் முதலாளிக்குப் பூச்சாண்டி காட்டினான். கிடைச்சதும் உங்களைக் காட்டிக்கொடுத்தான். அந்தத் தாரையே அதுக்குத்தான் அனுப்பினான்." அப்பா மோரை ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தார். மறுக்கவும் இல்லை, ஆமாம் என்று சொல்லவும் இல்லை. தங்கைதான் அழுதாள். "நான் கேட்டதாலதான் அவர் அனுப்பினார். கூரைக்குத்தான் அனுப்பினார்."

பாருங்கள், ஒரே டிரம். தங்கை அதிலிருந்து நம்பிக்கையை எடுத்துக்கொண்டாள்: சின்னப் பெண் கேட்டால்கூடப் பெரிய தலைவர்கள் அனுப்புவார்கள். நான் சந்தேகத்தை எடுத்துக்கொண்டேன். ஆபீசில் யாராவது தோளில் கை போட்டால் தோளைச் சிலுப்புவேன். என் கணவர் கல்யாணமான புதிதில் 'நான் இருக்கேன்ல' என்றபோது, 'எங்கே?' என்று கேட்டவள் நான்.

போன மழைக்காலத்தில் அப்பா போனார். ஆவடி வீட்டு வாசலில் ஷாமியானா. சாயங்காலம் தடி ஊன்றிக்கொண்டு ஒரு பெரியவர் வந்தார். மாலையைப் போட்டுவிட்டு, அப்பாவின் கையைத் தன் மூன்று விரல்களுக்குள் வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். பிரஸ் மாமா. அந்த ஃபேக்டரியிலேயே கடைசிவரை இருந்து ஓய்வு பெற்றவர். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"பெரிய பாப்பாதானே நீ? உங்கப்பா ஊட்ல இன்னா சொல்லி வெச்சிருந்தாரு?"

"தலைவர் காட்டிக்கொடுத்துட்டார்னு அம்மா சொல்வாங்க."

அவர் தலையை ஆட்டினார். "அப்பிடி இல்லம்மா. தலீவரு ரூம்ல இருந்து கொட்டாய்க்கு நடந்து வந்தாரு. அல்லாரும் நின்னுகினு இருந்தோம். உன்ன திரும்ப எட்த்துக்கிறாங்கன்னாரு என்னப் பாத்து. ஆனா செவுத்துல எய்தினவன் ஒருத்தன் வெளிய போவணும், ஒருத்தன் ஒத்துக்கினாப் போதும், மத்தவங்கள கேக்க மாட்டாங்கன்னாரு. நாங்க அல்லாருமே கோடு போட்டவங்கதான். ஒர்த்தன் மூஞ்ச ஒர்த்தன் பாக்கல. நா கைய தூக்கப் போனேன்மா, இந்தக் கைய. உங்கப்பா பக்கத்துல நின்னுகினு இருந்தாரு. என் கைய அமுக்கிட்டு அவுரு தூக்கிட்டாரு. 'எய்த்து என்னுது'ன்னாரு." நாக்கை மடித்தார், கஷ்டப்பட்டு, ஒரு குழந்தை மாதிரி. "எழுத்து. எழுத்து என்னுதுன்னாரு."

"தலைவர் என்ன சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லல. கீய பாத்துகினு நின்னாரு. அவுருக்கும் அன்னிக்குக் கால்ல சேறு."

பத்தாம் நாள் காரியம் எல்லாம் முடிந்த பிறகு இதை அம்மாவிடம் சொன்னேன். காதருகே போய், சத்தமாக, எல்லாவற்றையும். இத்தனை வருஷம் தப்பான ஆளைத் திட்டியிருக்கிறோமே என்று அவள் அதிர்ந்துபோவாள் என்று நினைத்தேன். அம்மா திருநீற்றுத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"தெரியும்டி."

"யார் சொன்னா?"

"யார் சொல்லணும்? அந்த மனுஷனோட கை சும்மா இருக்காதுன்னு எனக்குத் தெரியாதா? எழுதினது நான்தானேன்னு வந்து நின்னப்பவே தெரியும்."

"அப்புறம் ஏம்மா தலைவரை..."

"யார் மேலயாவது கோவப்படணும்ல. பக்கத்துல படுத்திருக்கிற ஆள் மேலயே எத்தனை வருஷம் கோவப்பட முடியும்?"

அப்போதும் எனக்குத் தலைவர் மேல் சந்தேகம் போகவில்லை. அதைச் சொல்லிவிட வேண்டும். கையை உயர்த்தும்படி கேட்டது அவர்தானே? 'எல்லோரும் எழுதினார்கள், நானும்தான், தாரே என்னுடையது' என்று ஒரு வார்த்தை அவர் சொல்லியிருக்க முடியாதா? ஆனால் அவர் வராமல் போயிருந்தால், அந்த முதுகுகள் நிமிராமல் போயிருந்தால், பிரஸ் மாமா விரலோடு சேர்த்து வேலையையும் இழந்து, தீபாவளி முடிந்த கையோடு எல்லாம் முடிந்திருக்கும். அப்பாவின் லேத் அப்பாவிடம் இருந்திருக்கும். டப்பாவில் சுருள் சேர்ந்திருக்கும். எது போரின் போக்கு, எது மாறியது? நான் எந்தப் பக்கத்திலிருந்து எண்ணினாலும் ஒரு ஆள் குறைகிறார்.

அந்த மதில் இன்னும் இருக்கிறது. ஃபேக்டரி போய், இடம் கை மாறி, கண்ணாடிக் கட்டடம் ஒன்று வந்துவிட்டது. தங்கை வேலை பார்க்கிற கட்டடத்துக்கு இரண்டு வளைவு தள்ளி. மதிலில் இப்போது மஞ்சள் பெயின்ட். போன சித்திரையில் அவள் ஒரு போட்டோ அனுப்பினாள். மஞ்சளுக்கு நடுவே வளைந்த பழுப்புக் கறை. "செக்யூரிட்டி சொல்றாருக்கா, எத்தனை தடவை பெயின்ட் அடிச்சாலும் வெயில் ஏறினா இது மேல வந்துடுதாம். மத்ததெல்லாம் மறைஞ்சிடுச்சு. இது என்னன்னு பாரு."

நான் பார்த்தேன். அந்த ழ. மூன்று தடவை முக்கி எடுத்தது.

ஆகவே அன்று சாயங்காலம், தங்கை போனில் "என்னக்கா, பேசாம இருக்கே, மாறுமா மாறாதா?" என்று கேட்டபோது, டிவியில் பெரிய நாட்டுத் தலைவர் மைக்குக்குப் பின்னால் நின்று என்னென்னவோ அனுப்பப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய காலணிகள் பளபளத்தன.

"தார் எங்கேன்னு கேளுடி" என்றேன்.

அவள் சிரிக்கத் தொடங்கினாள். சிரிப்பு நடுவிலேயே நின்றது. இரண்டு வீட்டு டிவியிலும் ஒரே கைதட்டல் கேட்டது, போனுக்குள் ஒன்று, என் எதிரில் ஒன்று.

கட்டிலிலிருந்து அம்மா எக்கிப் பார்த்தாள். நானும் பார்த்தேன். தலைவரை அல்ல. அவருக்குப் பின்னால், வெளிச்சம் எட்டாத வரிசைகளில், அழுக்குப் பச்சைச் சட்டை போட்ட அந்த நாட்டுச் சிப்பாய்கள் நின்றிருந்தார்கள். அவர்களில் யாருடைய கை மேலே போகிறது என்று நாங்கள் இரண்டு பேரும் கண் கொட்டாமல் தேடிக்கொண்டிருந்தோம்.